எந்த ஊர் ஆங்கிலம்?

"உண்மையான ஆங்கில ஆசிரியர் எப்போது வருவார்?"

கேட்டவன் பதின்மூன்று வயதுச் சிறுவன்; கேட்டது நம்மிடம். தாய்லாந்து நாட்டிலே, சாவோ பிரயா ஆற்றின் கரையிலே, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம். ஆண்டு 2006. பாளையங்கோட்டையிலே பயின்று, ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, நெல்லைச் சீமையிலே பதினெட்டு ஆண்டுக் காலம் அந்த மொழியையே கற்பித்துவிட்டு, கூடுதல் ஊதியம் தேடிக் கடல் கடந்து சென்றிருந்தோம். தேதியை எழுதினோம், பாடத்தின் தலைப்பை எழுதினோம், திரும்பினோம். கேள்வி காத்திருந்தது.

குறும்பாகக் கேட்டானா? இல்லை. பகையோடு கேட்டானா? அதுவும் இல்லை. ஐயம் தீர்த்துக்கொள்ளத்தான் கேட்டான். அவன் பார்த்த படங்களிலே, பாடநூலின் அட்டையிலே, ஊர்ச் சந்தியில் நிறுத்தப்பட்ட விளம்பரப் பலகையிலே ஆங்கிலம் பேசிய வாய்கள் யாவும் வெள்ளை முகத்தில் இருந்தன. நம் முகமோ தாமிரபரணிக் கரை வெயில் காய்ச்சிய கறுப்பு முகம். துணி விற்க வந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பான். பாங்காக்கின் பாகுரத் கடைத்தெருவிலே இந்தியரின் துணிக்கடைகளை அவனும் பார்த்திருப்பான் அல்லவா!

அந்நாட்டார் ஆசிரியரைக் 'க்ரூ' என்று அழைக்கிறார்கள். 'குரு' என்ற சொல் கப்பலேறிப் போய் அடைந்த உருவம் அது. இந்தியரை அழைக்க வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'கேக்'. நம் காதுக்குத் தின்பண்டம் போலத் தோன்றும், பொருள் 'விருந்தினர்'. முதல் வாரத்தில், நல்ல சொல்லாயிற்றே என்று மகிழ்ந்தோம். இந்தியர், அரபியர், மலாய்க்காரர் எல்லோருக்கும் பொதுவாகச் சூட்டப்பட்ட பெயர் அது என்பதும், வெள்ளையருக்கு மட்டும் 'பராங்' என்று தனிப்பெயர் உண்டு என்பதும் பிறகு தெரிந்தன. விருந்தினர் என்ற சொல்லையே முகம் சுளித்துச் சொல்ல முடியும் என்பதை அங்கேதான் கற்றோம். வியப்பதற்கு என்ன இருக்கிறது? கடவுளின் மக்கள் என்று பெயர் சூட்டிவிட்டு, அம்மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த நாடல்லவா நம்முடையது!

வகுப்பு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நாம் பேசும்போது தலையசைப்பது நமக்கே தெரியாத பழக்கம். நாற்பது தலைகள் சேர்ந்து அசைந்த அன்றுதான் தெரிந்துகொண்டோம். நாம் பெஞ்சுகளுக்கிடையே நடந்தால் பின்வரிசையில் ஒரு கை மூக்கைப் பொத்தும், 'மசாலா' என்று ஒரு குரல் கேட்கும், சிரிப்பு எழும். காலையும் மாலையும் குளிப்பவர் நாம். ஆயினும் அன்றிரவு சட்டையை முகர்ந்து பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இழிவு என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. சொன்னவன் மறந்துவிடுகிறான், கேட்டவன் தன்னையே முகர்ந்து பார்க்கிறான்.

அதே பள்ளியில் உருசிய நாட்டு இளைஞர் ஒருவரும் ஆங்கில ஆசிரியராக இருந்தார். நல்லவர். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி அன்று. மாணவருக்குத் தரவேண்டிய பயிற்சித் தாள்களை மாலையில் நம்மிடம் கொண்டு வந்து, "பிழை பார்த்துத் தாருங்கள்" என்பார். பார்த்துத் தந்தோம். மறுநாள் காலையில் பள்ளி வாயிலில் நின்று பெற்றோரை வரவேற்பவர் அவர். பெற்றோர் தம் பிள்ளைகளை அணைத்தபடி நிழற்படம் எடுத்துக்கொள்வது அவரோடு. ஊதியமும் அவருக்கு நம்மைவிட ஒன்றரை மடங்கு. பிலிப்பைன்சு நாட்டு அம்மையார் ஒருவர் இருந்தார். மூவரிலும் சிறந்த ஆசிரியர் அவர்தான் என்பது நம் எண்ணம். மூவரிலும் குறைந்த ஊதியம் அவருக்குத்தான். திறமைக்கும் ஊதியத்துக்கும் இடையே தோல் நின்றது.

மூன்றாம் மாதம் பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று தலைமை ஆசிரியருக்குச் சென்றது. "எங்கள் பிள்ளைகளுக்கு இந்திய உச்சரிப்பு ஒட்டிக்கொள்கிறது" என்பது முறையீடு. தலைமை ஆசிரியர் நம்மை அழைத்தார், தேநீர் தந்தார், "உங்கள் பாடத்தில் குறையில்லை, ஆனால் பெற்றோர்தானே பணம் கட்டுகிறார்கள்" என்றார். அன்று முதல் பேச்சு வகுப்பு உருசியருக்கு, இலக்கண வகுப்பு நமக்கு என்று பிரித்தார்கள். கண்காட்சிக்கு அவர்; கணக்குக்கு நாம்!

அந்த நாட்டுக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் உள்ள உறவின் கதை பழையது. சயாம் நாட்டு மன்னர் மோங்குட், தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1862-ல் ஓர் அம்மையாரை வரவழைத்தார். ஐந்து ஆண்டுகள் கற்பித்த அந்த அன்னா லியோனோவென்சு, தம்மை வேல்சு நாட்டில் பிறந்த உயர்குடிப் பெண் என்று சொல்லிக்கொண்டார். நூல்கள் எழுதினார். அவர் கதை நாடகமாயிற்று, திரைப்படமாயிற்று. அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 1970-களில், உண்மை வெளிப்பட்டது. அவர் பிறந்தது 1831-ல், நம் நாட்டு அகமது நகரில்! தாய்வழிப் பாட்டி இந்தியப் பெண்ணாக இருக்கக்கூடும் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். உயிரோடிருந்தவரை, பெற்ற மக்களிடம்கூட, பிறந்த ஊரை அவர் சொல்லவில்லை என்கிறார்கள். பொய்க்காரி என்று அவரைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. அகமது நகரில் பிறந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அரண்மனைக் கதவு திறந்திருக்குமா?

இலக்கண வகுப்பிலே இருந்தபடியே ஒரு சோதனை செய்து பார்த்தோம். பகுத்தறிவாளன் புலம்புவதைவிடச் சோதிப்பது நல்லதல்லவா? பாடநூலின் ஒரு பக்கத்தை நாம் படித்து ஒலிப்பதிவு செய்தோம். உருசிய நண்பரும் படித்துத் தந்தார். முகம் காட்டாமல் இரண்டையும் வகுப்பில் ஒலிக்கச் செய்து, "எது உண்மையான ஆங்கிலம்?" என்று தாளில் எழுதச் சொன்னோம். பாதிக்கு மேற்பட்டோர் நம் குரலைத்தான் எழுதினர். யார் குரல் என்று அறிவித்தபோது வகுப்பு ஓவென்று கூச்சலிட்டது. முதல்நாள் கேள்வி கேட்ட சிறுவன் மட்டும் எழுந்து நின்றான். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், பார்க்காமல் கேட்டால் நன்றாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே கேட்டால் மாறிவிடுகிறது."

அந்தச் சிறுவனின் நேர்மைக்கு நாம் இன்றும் தலைவணங்குகிறோம். அவன் சொன்னதையே 1992-ல் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் டொனால்டு ரூபின் மெய்ப்பித்துக் காட்டியிருந்தார் என்பதைப் பிறகுதான் படித்தோம். ஒரே விரிவுரை, அமெரிக்கப் பெண் ஒருவரின் குரலில் பதிவு செய்யப்பட்டது. கேட்ட மாணவரில் ஒரு பிரிவினருக்கு வெள்ளைப் பெண் ஒருவரின் படத்தைக் காட்டினார். மற்றொரு பிரிவினருக்கு ஆசியப் பெண் ஒருவரின் படத்தைக் காட்டினார். குரல் மாறவில்லை, சொல் மாறவில்லை. ஆயினும் ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், அயல்நாட்டு உச்சரிப்புக் கேட்டது என்றனர். அதோடு போயிற்றா? பாடத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்கும் அவர்களே குறைவாக விடை எழுதினர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தப்பெண்ணம் ஆசிரியரை இழிவுபடுத்துவதோடு நிற்கவில்லை. மாணவனின் காதையே அடைத்துவிட்டது.

மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1961-ல் உகாண்டா நாட்டின் மெக்கரரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு மாநாடு கூடிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அதைக் கற்பிக்கச் சிறந்தவர் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. அதை மாயை என்று 1992-ல் தம் நூலில் உடைத்துக் காட்டியவர் இராபர்ட்டு பிலிப்சன். உடைந்தது நூலில்தான், அலுவலகங்களில் உடையவில்லை. தென் கொரிய நாடு ஆங்கில ஆசிரியருக்கென்று தரும் அனுமதி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டவருக்கு உரியது. 2010-ல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்படிக்கையின் வழியாக, அந்நாட்டு ஆசிரியருக்குத் துணையாக நின்று கற்பிக்க இந்தியருக்குக் கதவு சிறிது திறந்தது. துணையாக! இலங்கையிலிருந்து அமெரிக்கா சென்று கற்பித்த ஜார்ஜ் பிரெய்ன் என்ற பேராசிரியர், தம் உச்சரிப்பைக் குறைகூறி மாணவர் இருவர் வேறு வகுப்புக்கு மாறிப் போனதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தம்மைப் போன்ற ஆசிரியர்களைத் திரட்டி 1990-களில் ஓர் அமைப்புக் கண்டார்.

2010-ல் ஊர் திரும்பினோம். வண்ணாரப்பேட்டையில் பேருந்தைவிட்டு இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தின்மீது நடந்தோம். 1843-ல் கட்டி முடித்த பாலம், கீழே தாமிரபரணி. அந்த ஆற்றைப் பார்த்தபோது நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. நம்மைப் போல் அயல்நாட்டிலிருந்து இங்கே கற்பிக்க வந்தவர்களை நம் முன்னோர் எப்படி நடத்தினர்?

இரேனியசு பிரஷ்ய நாட்டிலே பிறந்தவர். ஆங்கிலம் அவருக்கும் அயல்மொழியே. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, பள்ளிகள் கண்டு, தமிழுக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதி, 1838-ல் இங்கேயே இறந்தார். அவருடைய ஆங்கிலம் செருமானிய ஆங்கிலம் என்று இங்கே யாரும் விண்ணப்பம் எழுதியதாகக் காணோம். ஆனால், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே சமையலில் உண்ணவேண்டும் என்று அவர் சொன்னபோது வந்ததே எதிர்ப்பு! பாடம் இனித்தது, பந்தி கசந்தது. கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். 1841-ல் இடையன்குடித் தேரிக்குச் சென்று குடியமர்ந்தார். 1856-ல் ஒப்பிலக்கணம் தந்தார். நம் மொழியின் பெருமையை நமக்கே கற்பித்த அந்த அயல்நாட்டாரிடம், "ழகரம் வருமா உமக்கு?" என்று நாம் கேட்டோமா? 1968-ல் சென்னைக் கடற்கரையில் சிலையல்லவா எடுத்தோம்! சிலை எடுத்தது முறையே. எனினும் 1849-ல் அவர் எழுதிய நூல் ஒன்று இச்சீமையின் உழைக்கும் குலம் ஒன்றை இழித்துரைத்துப் பெருஞ்சினத்தை மூட்டியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வந்த ஆசிரியரின் பெட்டியிலும் தப்பெண்ணம் இருந்தது.

வெள்ளை முகத்துக்கு வேண்டிய மதிப்பு இங்கே கிடைத்தது. அப்படியானால் இந்தக் கரையில் எந்த ஆசிரியரின் உச்சரிப்புத்தான் குறை காணப்பட்டது?

இதற்கு விடை நமக்குத் தெரியும். இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டால், அடிபட்ட அப்பாவியாக நாம் உங்கள் முன் நிற்கலாம். சிலர் இரங்கவும் கூடும். ஆனால் அது பொய்.

1981. பாளையங்கோட்டையிலே கல்லூரி மாணவன் நாம். கறுப்புச் சட்டை அணிந்து திரிந்த காலம். பிள்ளையார் கோவிலைக் கடக்கும்போது உரக்கச் சிரிப்போம். அந்த ஆகஸ்டில் ஓர் இளைஞர் கூட்டத்தில் சேரன்மாதேவி குருகுலத்தைப் பற்றிப் பேசினோம். காங்கிரசு தந்த பொதுப் பணமும் சேர்ந்து நடந்த இடத்தில், பார்ப்பனச் சிறுவருக்குத் தனியே உணவு. அதை எதிர்த்து 1924, 1925-ல் பெரியாரும் வரதராசலு நாயுடுவும் மூட்டிய கிளர்ச்சி. இதே தாமிரபரணிக் கரையில் நடந்த கொடுமை என்று முழங்கினோம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்த ஆண்டு நம் வகுப்புக்குப் புதிய ஆங்கில ஆசிரியர் ஒருவர் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான உருவம், இரண்டே சட்டைகள். 'ஷிப்' என்பதற்கும் 'ஷீப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வாய் வலிக்கச் சொல்லித் தந்தவர் அவர். அதுவரை எந்த ஆசிரியரும் அதைச் சொல்லவில்லை. ஜூலை முழுதும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். ஆகஸ்டில், ஆற்றின் தென்கரையில் எந்த ஊரார், அந்த ஊரில் எந்தத் தெருவினர் என்ற செய்தி விடுதிக்கு வந்து சேர்ந்தது. சேரித் தெரு!

அன்று முதல் அவருடைய ஆங்கிலம் கெட்டுவிட்டது. 'ஷீப்' என்று அவர் சொன்னால் பின்வரிசை ஆடுபோல் கத்தியது. பொங்கலுக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். எவரும் விடை சொல்லவில்லை. செப்டம்பரில் முதல்வருக்கு விண்ணப்பம் போயிற்று: "புதிய ஆசிரியரின் உச்சரிப்பு எங்களுக்கு விளங்கவில்லை, வேறு ஆசிரியரைத் தந்தருள வேண்டும்." சாதி என்ற சொல் அதில் இல்லை. நாகரிகமான விண்ணப்பம், நல்ல ஆங்கிலம். ஏனெனில் அதை எழுதியது நாம். வகுப்பிலே ஆங்கிலம் நன்றாக எழுதுபவன் என்று பெயர் நமக்கு, "நீயே எழுது" என்றார்கள், எழுதினோம். கடவுள் இல்லை என்று சொன்ன அதே கை. சேரன்மாதேவிக்காக உயர்ந்த அதே கை. அந்த ஆசிரியருக்கு நம்மேல் பகையுண்டா? நமக்குத்தான் அவர்மேல் உண்டா? ஒன்றுமில்லை. கூட்டத்தோடு நிற்பது எளிதாக இருந்தது, அவ்வளவே. காரணம் பெரிதாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வெட்கம் இராது.

ஜனவரியில் அவரை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அவர் கல்லூரியில் இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, சயாம் நாட்டுத் தலைமை ஆசிரியரின் அறையில் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து, "உச்சரிப்பு" என்ற சொல்லைக் கேட்டபோது, அந்தச் சொல்லை நாம் எங்கே எழுதினோம் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் அவரைத் தேடிச் சென்று பார்த்திருக்க வேண்டும். செல்லவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தாழ்த்தப்பட்ட சமுதாய மாணவனை, உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அரசு நீதிபதி சந்துரு அவர்களை அமர்த்தி ஆராயச் செய்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். மாணவர் மணிக்கட்டில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதில் ஒன்று. கயிற்றைக் கட்டாத தலைமுறை நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம். நாம் விண்ணப்பம் எழுதினோம்.

செய்தி வந்த மறுவாரம் முகவரி விசாரித்துச் சென்றோம். பாளையங்கோட்டைக்கு அப்பால், புதிதாக எழுந்த குடியிருப்பில் சிறிய வீடு. அரசுக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; எழுபதைத் தொட்ட வயது; பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய துணைவியார் காப்பி கொண்டு வந்தார். தாய்லாந்துக் கதையை முழுதும் சொன்னோம், தலையசைத்த நாற்பது பேர் வரை. வயிறு குலுங்கச் சிரித்தார். காப்பி ஆறிப்போயிற்று. பிறகு, வந்த செய்தியைச் சொன்னோம்.

"ஐயா, 81-ல் உங்களை மாற்றச் சொல்லிப் போன விண்ணப்பத்தை எழுதியது நான்தான்."

"தெரியும் தம்பி" என்றார். "முதல்வர் என்னிடம் காட்டினார். கட்டுரை நோட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா? இரண்டாவது வரியில் ஒரு 'தி' விட்டுப் போயிருந்தது."

அந்த டிசம்பர்த் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தியவர் அவர்தான். வகுப்பிலேயே கூடுதல் மதிப்பெண் அந்த முறை நமக்கு.

என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் பேச்சை மாற்றினார்.

"அந்தச் சயாம் பையன், பார்த்துக்கொண்டே கேட்டால் மாறிவிடுகிறது என்றானே, கெட்டிக்காரப் பையன். இப்போது என்ன செய்கிறானாம்?"

நமக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளியை விட்டு வந்தபின், அவனைப் பற்றி நாம் எவரிடமும் விசாரித்ததே இல்லை.